அரக்கு பார்டர் போட்ட பூஞ்சை

தொண்ணூறுகளின் கடைசியில் நான் காஞ்சிபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் போதும். கம்பியைப் பிடித்திருக்கும் என் கையைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர், "இன்னாபா, கண்ணாலம் வச்சிருக்குதா?" என்று கேட்டுவிடுவார். பத்து விரலும் மருதாணிச் சிவப்பு, நகக்கண் வரைக்கும். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை கை அப்படிச் சிவந்திருந்தால் ஒன்று அவன் மாப்பிள்ளை, இல்லாவிட்டால் சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவன். நான் இரண்டும் இல்லை. "ஆராய்ச்சி பண்றேங்க" என்பேன். கேட்டவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். சிலர் எழுந்து உட்கார இடம்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

கையுறை கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்த எங்கள் கல்லூரியின் வேதியியல் லேபில், எல்லாருக்குமாக ஒரு ஜோடி உண்டு. அதில் வலது கைக்குக் கட்டைவிரலில் ஓட்டை. ஓட்டைக் கையுறைக்கு வெறுங்கையே மேல் என்று முடிவு செய்தேன். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகள் பொதுவாக இந்தத் தரத்தில்தான் இருந்தன.

ஆராய்ச்சி இதுதான். மருதாணி இலைக்குள் லாசோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. கையைச் சிவக்க வைப்பது அதுதான். பூஞ்சையைக் கொஞ்சம் மிரட்டவும் அதற்குத் தெரியும். கொல்லும் அளவுக்குத் தைரியம் போதாது. செடி அதைத் தன் சௌகரியத்துக்காகச் செய்து வைத்திருக்கிறதே தவிர, நம் வாய்ப்புண்ணையும் சேற்றுப்புண்ணையும் நினைத்துச் செய்யவில்லை. ஆகவே வேதியியல்காரன் அந்த மூலக்கூறை எடுத்து, உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி வேறு துண்டை ஒட்டிப் பார்ப்பான். ஒரு வால் வைத்துப் பார்ப்பான். இப்படிப் பலவிதமாக மாற்றினால், அதில் ஒன்றாவது பூஞ்சையின் தோலைத் தாண்டி உள்ளே போய் உருப்படியாக வேலை செய்யாதா என்கிற நப்பாசை. செடியிலும் மண்ணிலும் கிடைத்ததை இப்படித் திருத்தித் திருத்தித்தான் எத்தனையோ மருந்துகள் வந்திருக்கின்றன. எனக்கும் ஒன்று வரும் என்று என் கைடு நம்பினார். பாவம், நல்ல மனுஷர்.

இதை என் மாமாவுக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடை. எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவரைக் கேட்டுத்தான், கேட்காவிட்டாலும் அவர் சொல்வார்.

"புடவைன்னு வச்சுக்கங்க மாமா. உடம்பு அதே உடம்பு. செடியே நெய்ஞ்சு குடுத்துட்டுது. நான் முந்தியையும் பார்டரையும் மட்டும் மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறேன். எந்த பார்டருக்குப் பூஞ்சை சாவுதுன்னு."

மாமா யோசித்தார். "அப்போ முக்காவாசி வேல செடியே முடிச்சிட்டுது. மிச்சம் கால்வாசிக்கு நீ இன்னாத்துக்கு மூணு வருஷமா போய்க்கினு வந்துக்கினு இருக்கற?"

 

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது. தீபாவளிக்கு முன்னால் என் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு கூடவிருந்தது. பூஞ்சையை நிஜமாகக் கொல்லும் பொருள் ஒன்றாவது கையில் இருந்தால் இன்னொரு வருஷம் தருவார்கள், இல்லையென்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். சாத்தினால், அந்த தீபாவளி சீசனிலிருந்து நான் மாமா கடையின் வெள்ளை மெத்தையில் உட்கார்ந்து புடவை காட்ட வேண்டும். அம்மாவும் சம்மதித்துவிட்டாள்.

கடை கேவலம் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. எனக்குப் புடவை மடிக்க வராது, அதுதான் விஷயம். பிரிப்பேன், பிரமாதமாகப் பிரிப்பேன். மடிக்க ஆரம்பித்தால் ஆறு கஜம் பன்னிரண்டு கஜமாகிவிடும். ஒரே ஒரு நாள் கடையில் உட்கார்ந்தேன். புடவை பார்க்க வந்த அம்மாள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குடு தம்பி" என்று வாங்கி, அழகாக நாலு மடிப்பில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாங்கவில்லை.

மாமா கடையில் எனக்குப் பிடித்த ஒரே காரியம், புதுச் சரக்கு வந்ததும் அவர் செய்யும் சோதனை. வேட்டி மடிப்பிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுப்பார், டம்ளர் தண்ணீரில் முக்குவார், புடவையின் ஓரத்தில் அழுத்தித் தேய்ப்பார். கைக்குட்டையில் நிறம் ஏறினால் சாயம் ஓடுகிறது, சரக்கு திரும்பிப் போகும். பால்குடி மறந்த நாளிலிருந்து நான் இதைப் பார்த்து வளர்ந்தவன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

லேபில் நான் செய்த பொருட்களுக்குக் கைடு வரிசையாக எண் கொடுத்திருந்தார். எனக்கு எண் நிற்காது. ஆகவே ஊர் வழக்கப்படி பெயர் வைத்தேன்: மாம்பழம், குங்குமம், செங்கல், வெங்காயத்தோல், அரக்கு. லாசோனில் எதைச் சேர்த்தாலும் ஒரு நிறம் வரும். நல்ல நிறம் வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது. அரக்கு படிந்த அன்று குடுவையைத் தூக்கிக்கொண்டு லேப் முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தேன், உற்சவர் மாதிரி. ஒன்று மட்டும் மோசம். ஆரம்பத்தில், கை பழகுவதற்காக, லாசோனை மெத்தனாலில் போட்டுக் கொஞ்சம் அமிலம் விட்டுக் கொதிக்க வைத்ததில் வந்தது. ஊசி ஊசியாக, சோகை பிடித்த மஞ்சள். அதற்குப் பெயர் 'வெளுத்தது'. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அப்படி ஒரு நிறத்தின் மேல் மரியாதை வராது. தட்டில் இடம் இருந்ததால் அதையும் ஓரமாகச் சோதனைக்கு வைத்தேன்.

சோதனை என் கையில் இல்லை. அது பக்கத்துக் கட்டடத்தில், நுண்ணுயிரியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் ராஜ்யம். பிள்ளையார்பாளையத்துப் பெண், வீட்டில் தெலுங்கு. கோபம் வந்தால் இன்குபேட்டரைத் தெலுங்கில் திட்டுவார். கோபம் என் மேல் என்றால் மட்டும் தமிழ், எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. என்னைக் கூப்பிடுவது "சயின்டிஸ்ட் சார்".

முறை எளிது. கண்ணாடித் தட்டில் ஜெல்லி மாதிரி ஒன்றை ஊற்றி, அதன்மேல் பூஞ்சையைப் பூசுவார்கள். பொட்டு அளவு காகிதத் துண்டில் என் பொருளை நனைத்து நடுவே வைப்பார்கள். பூஞ்சை மறுநாளைக்குள் பாலாடை போலத் தட்டு முழுக்கப் படர்ந்துவிடும். பொருளுக்குச் சக்தி இருந்தால் காகிதத்தைச் சுற்றி மட்டும் பூஞ்சை இல்லாத வெறும் வட்டம் நிற்கும். வட்டம் பெரிதானால் மருந்து பலமானது. அவ்வளவுதான்.

அந்தத் தடவை தட்டுகளை வைத்த கையோடு அவர் தங்கை கல்யாணத்துக்கு லீவில் கிளம்பினார்.

"நான் வந்துதான் அளப்பேன். அதுவரைக்கும் தொடக்கூடாது. மூடியைத் திறக்கக்கூடாது. பக்கத்துல நின்னு பேசக்கூடக் கூடாது."

"பேசினா என்னாகும்?"

"பூஞ்சைக்குத் தலைவலி வரும்."

குழு கூட இன்னும் ஒரு வாரம் இருந்தது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே போய்த் தட்டைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். அடடா! செங்கலைச் சுற்றி ஒரு வட்டம், குங்குமத்தைச் சுற்றி அதைவிடப் பெரிய வட்டம், அரக்கைச் சுற்றி இருந்ததை வட்டம் என்று சொல்வது பாவம். அகல பார்டர். முகூர்த்தப் புடவையில் போடுகிற பார்டர். கடையில் விற்கும் மருந்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அதே தட்டில் வைத்திருந்தோம், அதன் வட்டம் அரக்குக்குப் பக்கத்தில் சின்ன நெற்றிப்பொட்டு. ஸ்கேல் வைத்து அளந்தேன். நம்ப முடியாமல் இன்னொரு முறை அளந்தேன். வெளுத்ததையும் ஒரு கண் பார்த்தேன். காகிதத்தைச் சுற்றி நிறமே இல்லாமல் கண்ணாடி மாதிரி ஏதோ ஒரு சின்ன வளையம். இதையெல்லாம் எவன் வாங்குவான் என்று விட்டுவிட்டேன்.

கைடிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருய்யா அளந்தது?"

"நான்தான் சார்."

"அந்தப் பொண்ணு?"

"கல்யாணத்துக்குப் போயிருக்காங்க சார்."

"வரட்டும்" என்றார். அந்த 'வரட்டும்' என் காதில் விழுவதற்குள் நான் பஸ்ஸில் இருந்தேன்.

மாமா கடையில் போய்ச் சொன்னேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்துட்டுதா?" என்றார், ஏதோ பங்காளியைப் பற்றிக் கேட்கிற மாதிரி.

"செத்துட்டுது மாமா. கடை மருந்தவிடப் பெரிய வட்டம்."

மாமா ஒரு விஷயத்தை நம்பிவிட்டால் பிறகு அதை நிறுத்த முடியாது. சாயங்காலத்துக்குள் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் கடைக்கு டீ கொண்டுவரும் டீக்கடைக்காரர் தட்டை வைத்துவிட்டு, போகாமல் நின்றார். விரல் இடுக்குகளை விரித்துக் காட்டினார். நாளெல்லாம் கிளாஸ் கழுவிக் கழுவி இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப்போய் வெடித்திருந்தது.

"நாள் பூரா தண்ணியிலேயே கை வச்சுக்கினு இருக்குதா, ஆற மாட்டேங்குதுபா. இன்னா தடவுனாலும் திரும்ப வந்துடுது. உன் மருந்து கொஞ்சம் குடேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, அது இன்னும் தட்டுலதாண்ணே இருக்கு. எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்கல."

"எலிக்கு இன்னாத்துக்குபா சேத்துப்புண்ணு? எலி இன்னா கிளாஸா கழுவுது?"

மாமா சிரித்துவிட்டு, "பொறு, இவனே தடவி வுடுவான்" என்று எனக்காக வாக்குக் கொடுத்தார். அதோடு விடவில்லை. குழு கூடும் அன்று நேரில் வந்து என் கைடுக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொல்லி, சந்தன நிறத்தில் சுத்தப் பட்டில் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்தார்.

குழு கூட இரண்டு நாள் இருக்கும்போது நுண்ணுயிரியல் ராணி திரும்பி வந்தார். கையில் கல்யாண மருதாணி. நான் என் கையை அவர் கைக்குப் பக்கத்தில் நீட்டி, "எனக்குத்தான் நல்லாப் புடிச்சிருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்து, சாய்த்து, இன்னொரு பக்கம் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"எதை அளந்தீங்க?"

"அதோ, பார்டர் முடியற இடம்."

"பார்டரா?"

அவர் ஒரு கம்பியை நெருப்பில் காட்டி ஆறவிட்டு, அரக்கின் வட்டத்துக்குள் மெதுவாகச் சுரண்டி, புதுத் தட்டில் கோடு இழுத்தார். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் அப்படியே ஒரு கோடு, வெளுத்ததின் அசட்டு வளையத்திலிருந்தும். நிஜமாகவே பூஞ்சை செத்திருந்தால் புதுத் தட்டில் ஒன்றும் முளைக்கக் கூடாது.

மறுநாள் முளைத்திருந்தது. அரக்குக் கோட்டில் அமோக விளைச்சல். செங்கல், குங்குமம், மாம்பழம் எல்லாம் சௌக்கியம்.

"அய்யோ ராமா" என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சயின்டிஸ்ட் சார், நீங்க பூஞ்சையைக் கொல்லல. அதுக்குப் பட்டுப்புடவை கட்டி விட்டிருக்கீங்க. இது சாயம்! காகிதத்துலருந்து ஜெல்லிக்குள்ள ஓடியிருக்கு. பூஞ்சை நிறம் மாறினதால கண்ணுக்குத் தெரியல. உள்ள ஜம்முனு உக்காந்திருக்கு."

சாயம் ஓடியிருக்கிறது! வெள்ளைக் கைக்குட்டைக்குப் பக்கத்தில் வளர்ந்த நான், ஓடின சாயத்தை ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டாம் முறையும் அளந்து, கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரன் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

"அப்ப எல்லாமே போச்சா?"

"ஒண்ணு இருக்கு" என்று புதுத் தட்டின் ஓரத்தைக் காட்டினார். ஒரு கோடு மட்டும் மொட்டையாக, ஒன்றுமே முளைக்காமல் கிடந்தது. "இது யாரு?"

நான் குனிந்து பார்த்தேன். வெளுத்தது.

குழு அறையில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த குழு உறுப்பினர் ஓர் அம்மையார். கடைசி வரிசையில் மாமா, மடியில் பொன்னாடைப் பெட்டி. நடந்ததை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, "அந்த அம்மா கைத்தறிக் காட்டன்லதான் வந்துருக்காங்க. எதையும் சும்மா வாங்கிக்கினு போற ஆள் இல்ல. ஜாக்கிரத" என்று காதில் சொன்னார். மனிதர்களை அவர் எடைபோடுவது அப்படித்தான். பெரும்பாலும் தப்பாது.

ப்ரொஜெக்டரில் ஷீட்டை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அரக்கின் வட்டத்தைக் காட்டி, "இது மருந்தில்லை, சாயம்" என்றேன். அரக்கைக் கரைத்து வைத்திருந்த குப்பியைப் பார்வைக்குச் சுற்றில் விட்டேன். கடைசி வரிசையில் பெட்டி கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு வெளுத்ததைக் காட்டினேன்.

அம்மையார் முன்னால் குனிந்தார். "லாசோன் மெத்தில் ஈதர். நூலகத்துல போய்த் தேடினீங்களா?"

"சென்னைக்கே போய்த் தேடினேன் மேடம்." போனது நிஜம். அங்கே ஃபேன் பிரமாதமாக ஓடியது. தூங்கிவிட்டேன்.

"காசித்தும்பைச் செடி பார்த்திருக்கீங்களா?"

"எங்க வீட்டுக் கிணத்தடியில இருக்கு மேடம்."

"இந்தப் பொருள் அதுல இயற்கையாவே இருக்கு. பூஞ்சையைக் கொல்லும்னும் ஏற்கெனவே தெரியும். மூணு வருஷமா மருதாணியிலேர்ந்து காசித்தும்பை பண்ணியிருக்கீங்க. விதை போட்டிருந்தா சீக்கிரம் வந்திருக்கும்."

கைடு கூரையைப் பார்த்தார். எனக்குக் கண் முன்னால் வெள்ளை மெத்தை விரிந்தது, மடிக்க வேண்டிய புடவைகளோடு.

அப்போது மாமா எழுந்தார். யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை.

"அம்மா, மன்னிக்கணும். பையனோட மாமா. எங்க கடையில சாயம் போச்சுன்னு யாராச்சும் கொண்டாந்தா, நாலு வார்த்த வாங்கிக்கினு வேற மாத்திக் குடுத்துடுவோம். நீங்களும் இவன நல்லாத் திட்டிட்டு, ஒரு வருஷம் மாத்திக் குடுத்துடுங்கம்மா."

"புடவையை மாத்தலாம். பையனை மாத்த முடியாதே?"

"அத்த நாங்களே பண்ணிப் பாத்துட்டு வுட்டுட்டோம்மா."

அறையே சிரித்தது. அம்மையார் மட்டும் சிரிக்காமல், புதுத் தட்டில் கோடு இழுத்தது யார் என்று கேட்டார். நம் ராணி எழுந்து நின்றார். "அந்தச் சோதனை இல்லன்னா இன்னிக்கு நான் வந்ததே வீண்" என்று அம்மையார் அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நிறத்தை எல்லாம் மறந்துடுங்க. இந்த வெளுத்தது நிஜமா வேலை செய்யுது, அதுல இருக்கிற வால் ரொம்பச் சின்னது. அதை நீட்டிப் பாருங்க, கிளை வச்சுப் பாருங்க. செடி பண்ணாததைப் பண்ணுங்க. ஒரு வருஷம்."

நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமா முன்னால் வந்துவிட்டார். பொன்னாடையைப் பிரித்து என் கையில் கொடுத்து, கைடைக் கண்ணால் காட்டினார். அப்போதுதான் சுற்றிவந்த அரக்குக் குப்பி என்னிடம் திரும்பியிருந்தது. மூடி சரியாக இல்லை. கை ஏற்கெனவே வேர்த்திருந்ததால் அது ஒழுகியது எனக்குத் தெரியவில்லை. பொன்னாடை கைடு தோளில் விழுந்தபோது சந்தனப் பட்டின் மேல் ஐந்து விரலும் பளிச்சென்று அரக்கில் பதிந்திருந்தன.

மாமாவின் கை வேட்டி மடிப்புக்குப் போனது. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார், மேஜைமேல் அம்மையாருக்கு வைத்திருந்த தண்ணீரில் முக்கினார், கைடின் தோளில் வைத்து அழுத்தித் தேய்த்தார். கைடு அசையாமல் நின்றார். மாமா கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். வெள்ளை. பட்டில் ஐந்து விரலும் அப்படியே இருந்தன.

"டேய்" என்றார் மெதுவாக. "இது போவலடா."

ஜெல்லியில் ஓடுகிற சாயம் பட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மருதாணி நம் தோலைப் பிடிப்பது போலத்தான். மாமாவுக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. குப்பியை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "இன்னும் எவ்ளோ இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே தன் மடியில் செருகப் பார்த்தார். கைடு முதல்முறையாகக் குரலை உயர்த்தி அதைப் பிடுங்கிக்கொண்டார். பொன்னாடையைத் திருப்பித் தரவில்லை. வருஷா வருஷம் கல்லூரி விழாவுக்கு அதைத்தான், விரல்கள் வெளியே தெரியும்படி, போட்டுக்கொண்டு வந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமாவும் நானும் நின்றுகொண்டு வந்தோம். "ஒரு வருஷம் குடுத்துருக்காங்க. வாலை நீட்டு, இல்ல வெட்டு, இன்னா வேணா பண்ணு. டீக்கடைக்காரனுக்குப் பதில் சொல்லணும் நானு" என்றார். சரி என்று தலையாட்டினேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொடுக்கும்போது கம்பியில் இருந்த என் கையைப் பார்த்தார்.

"இன்னாபா, கண்ணாலமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார்: "ஆமாபா. ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருக்குது."